கடலோர ட்ரெக்கிங்குக்கு ஒரு நாள் கூடுதலா வைங்க

நம்ம இளைஞர் குழுவ நடத்துற அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம்.

அடுத்த கடலோர ட்ரெக்குக்கு பிளான் போட ஆரம்பிச்சிட்டீங்கன்னு பசங்க சொன்னாங்க, ரொம்ப சந்தோஷம். போன தடவ உதவிக்கு கூட வந்தவன்ங்கிற உரிமையில எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க. ஒரு நாளைக்கு இத்தன கிலோமீட்டர்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் கடலப் பாக்க வேணாம். மொதல்ல டைட் டேபிள, அதாவது கடல் எப்ப ஏறும் எப்ப வத்தும்னு நேரம் போட்ட பட்டியல எடுங்க, அதுக்கு ஏத்த மாதிரி நடைய வைங்க, கடைசியில ஒரு நாள சும்மா விட்டு வைங்க.

மூணாவது நாள் நடந்தத இன்னும் என்னால மறக்க முடியல. ஒரு பொண்ணுக்கு குதிகால்ல கொப்புளம் ஒடஞ்சு சாக்ஸ் ஒட்டிக்கிச்சு, அத பிரிச்சு கட்டுப் போட்டு கெளம்பவே ஒன்றரை மணி நேரம் லேட்டு, ஆனா அடுத்த நாள் வண்டி சொல்லி வச்சாச்சேன்னு எல்லாரும் வேகமா நடந்தோம். ஒரு பக்கம் செங்குத்தா பாறை, இன்னொரு பக்கம் கடல். பாறை என் நெஞ்சு உயரம் வரைக்கும் கறுப்பா ஈரமா இருந்துச்சு, அதுல பாசி தொங்கிட்டு இருந்துச்சு. தண்ணி அவ்ளோ தூரம் ஏறும்னு அதப் பாத்தாலே தெரியும், நானும் பாத்தேன், பாத்துட்டும் வாயத் தெறக்கல, அது என் தப்பு. கொஞ்ச நேரத்துல முழங்கால் வரைக்கும் அலை வந்துருச்சு. நல்லவேளை மேல புல்லு மொளச்ச ஒரு திட்டு இருந்துச்சு, பசங்கள ஒவ்வொருத்தரா பேக்க கழட்டி ஏத்தி விட்டோம். நாலு மணி நேரம் அங்கயே உக்காந்திருந்தோம். கடைசிப் பையன் என் கைய விடவே இல்ல.

ஏன் இப்படி ஆச்சுன்னு வீட்டுக்கு வந்து உக்காந்து பாத்தேன். ஒரு வாரம் முன்னாடி வழி பாத்துட்டு வந்தவங்க காலைல பதினோரு மணிக்கு தாராளமா நடக்கலாம்னு சொன்னாங்க, அவங்க பொய் சொல்லல. ஆனா நாம போன கரையில கடல் நாளைக்கு ரெண்டு தடவ ஏறி ரெண்டு தடவ வத்தும், ஒரு ஏத்தத்துக்கும் அடுத்ததுக்கும் சுமார் 12 மணி 25 நிமிஷம், அதனால தெனமும் 50 நிமிஷம் போல தள்ளிப் போகும். ஏழு நாள்ல கிட்டத்தட்ட ஆறு மணி நேரம்! அவங்க போனப்ப வத்தியிருந்த அதே பதினோரு மணிக்கு நாம போனப்ப கடல் ஏறி நின்னுச்சு. அதுவும் அவங்க போனது அரைநிலா சமயம், நாம போனது பௌர்ணமிய ஒட்டி, அமாவாசை பௌர்ணமி சமயத்துல ஏத்தம் இன்னும் அதிகமா இருக்கும்.

கனடாவுல வான்கூவர் தீவுல இருக்கற வெஸ்ட் கோஸ்ட் ட்ரெயில் 75 கிலோமீட்டர்தான், அதுக்கே பழக்கப்பட்டவங்க ஆறேழு நாள் எடுத்துக்கறாங்க. கலிஃபோர்னியாவோட லாஸ்ட் கோஸ்ட் கடலோரப் பாதையில சில இடத்த கடல் ஏறி நிக்கறப்ப தாண்டவே முடியாது, அங்க போறவங்க டேபிளப் பாத்துத்தான் நாளையே பிரிக்கறாங்க. நாம மணல்லயும் உருண்டைக் கல்லுலயும் பசங்கள ஒரு நாளைக்கு 16 கிலோமீட்டர் நடக்க வச்சோம், முதுகுல பேக் வேற. தண்ணி மட்டுமே ஒரு லிட்டர் ஒரு கிலோ ஆச்சே.

இன்னொண்ணு, டேபிள பெரியவங்க பாக்கெட்லயே வச்சுக்காதீங்க. பசங்க கையில குடுங்க, தெனம் ராத்திரி ரெண்டு பேர் படிச்சு மறுநாள் எப்ப கெளம்பணும்னு அவங்களே சொல்லட்டும், மெதுவா நடக்கறவங்க முன்னாடி போகட்டும். அன்னைக்கு அந்தத் திட்டுல ஒரு பையன் "அண்ணே, இது முன்னாடியே தெரியுமா"ன்னு கேட்டான், எனக்கு பதில் வரல.

கொப்புளம் வந்த பொண்ணு இந்த தடவையும் வர்றேன்னு சொல்லியிருக்கா. பிளான் பேசற கூட்டம் எந்த நாள்னு சொல்லுங்க, அந்த மாசத்து டைட் டேபிள பிரிண்ட் எடுத்துட்டு வர்றேன், தேதிய அதப் பாத்தே போடுவோம்.