32 ஆம்ப் போட வேண்டாம், கண்ணு

அன்புள்ள கண்ணு,

காலையில் கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஓடும்போது கெட்டிலைப் போட்டால் எம்.சி.பி., அதாவது லோடு மிஞ்சினால் கரண்டைத் தானே துண்டிக்கும் அந்தச் சுவிட்ச், விழுகிறது என்றாய். வந்த எலக்ட்ரீஷியன், 16 ஆம்ப் எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டு 32 மாட்டித் தருகிறேன் என்றாராம். வேண்டாம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கடைக்கும் இதே கேள்வியோடு வருவார்கள். "அக்கா, அடிக்கடி விழுகுது, பெருசா ஒண்ணு குடுங்க." உள்ளே என்ன வயர் ஓடுகிறது என்று கேட்டால் முழிப்பார்கள். தெரியாமல் நான் கொடுப்பதில்லை. வியாபாரம் போனால் போகட்டும்.

எம்.சி.பி. காவல் காப்பது சுவருக்குள் போகும் வயரை. உன் பவர் பிளக்குக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். தடிமன் வயர்தான் இழுத்திருப்பார்கள். குழாய்க்குள் போகும் அந்த வயருக்கு 20 ஆம்புக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 32 போட்டால் 28 ஆம்ப் இழுத்தாலும் எம்.சி.பி. விழாமல் மணிக்கணக்கில் சும்மா நிற்கும். சூடாவது வயர். சாதாரண பிவிசி வயரின் மேலுறை 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். சுவருக்குள் அது கருகுவது உனக்குத் தெரியவும் தெரியாது.

கணக்கைப் பார். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஆம்ப் வந்துவிடும். கீசர் 2000, அடுப்பு 2000, இரண்டுக்குமே 17 ஆம்பைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் 1500 வாட் கெட்டில் சேர்ந்தால் 24. 16 என்று எழுதியிருப்பதால் 17-இல் உடனே விழுந்துவிடாது. 18 ஆம்ப் வரை ஒரு மணி நேரம்கூட விழாமல் நிற்க வேண்டும், 23-ஐத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும். அப்படித்தான் அதைச் செய்கிறார்கள். கெட்டில் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து விழுகிறதென்றால் லோடு அதிகம், அவ்வளவுதான். சுவிட்சைத் தொட்ட நொடியே டப்பென்று விழுந்தால்தான் ஷார்ட். அப்போது திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்க்காதே.

16 ஆம்ப் பிளக்கை கன்வெர்ட்டர் மாட்டி 6 ஆம்ப் சாக்கெட்டில் செருகும் வேலையும் கூடாது. போன வாரம் ஒருவர் கொண்டுவந்த சாக்கெட்டில் ஒரு ஓட்டை பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உள்ளே ஸ்க்ரூவும் லூஸ். அதற்கு எம்.சி.பி. விழவே இல்லையாம். எப்படி விழும், இழுத்தது 9 ஆம்ப்தானே!

ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பாற்றுவது வேறு, அது ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்ப் என்று போட்டிருக்கிறதா பார். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழ வேண்டும். விழவில்லை என்றால் மாற்றச் சொல்.

வீட்டுக்காரரிடம் கீசருக்கு மட்டும் தனி லைன் கேள். 4 ஸ்கொயர் எம்.எம். வயர், 20 ஆம்ப் எம்.சி.பி. போதும். முனகுவார், செலவில் பாதியை நாம் ஏற்கலாம் என்று சொல். அதுவரை குளித்து முடித்து, கீசரை அணைத்துவிட்டு அடுப்பைப் போடு.

எம்.சி.பி.க்கள் இருக்கும் டி.பி. பெட்டியின் கதவைத் திறந்து ஒரு போட்டோ அனுப்பு. உள் மூடியைக் கழற்றாதே. லைனுக்கு எத்தனை மீட்டர் வேண்டும் என்று எலக்ட்ரீஷியனிடம் அளந்து கேட்டுச் சொன்னால், வயரை நம் கடையிலிருந்தே பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். அங்கே வாங்காதே, விலை அதிகம்.

அம்மா