சாவி எத்தனை பேரிடம்?

பாயான் லெப்பாஸ், பினாங்கு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததில் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தண்ணீர்மலைக் கோயில் படி ஏற முடியவில்லையே என்ற புலம்பல்தான் வலியைவிடப் பெரிது.

சரி, கிளினிக் விஷயத்துக்கு வருகிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நிர்வாகப் பொறுப்பை ஏற்ற கையோடு விலை உயர்ந்த பாதுகாப்பு மென்பொருள் வாங்கிவிட்டாய், இனி ஹேக்கர் பயம் இல்லை என்கிறாய். வாங்கியது நல்லதுதான். ஆனால் சம்பளப் பிரிவிலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன், நான் பார்த்த தகவல் கசிவுகளில் பாதிக்கு மேல் உள்ளே இருப்பவர்களின் அவசரத்தால் நடந்தவை. கெட்ட எண்ணம்கூடக் கிடையாது.

முன்பு ஒரு கம்பெனியில் இருந்தேனே, அங்கே சம்பளப் பிடித்தப் பட்டியலை யாரோ பொதுப் பிரிண்டருக்கு அனுப்பிவிட்டு எடுக்க மறந்துவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் யாருக்கு எவ்வளவு கடன், யார் சம்பளத்தில் கோர்ட் பிடித்தம் என்பதெல்லாம் கேன்டீன் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு பெரியவர் தலைநிமிர முடியாமல் அடுத்த மாதமே வேலையை விட்டார். மெஷின் பக்கத்தில் போய் நின்று ரகசிய எண்ணை அழுத்தினால்தான் தாள் வெளியே வரும் என்ற வசதி அந்தப் பிரிண்டரிலேயே இருந்தது. யாரும் போட்டுவைக்கவில்லை.

உன்னிடம் இருப்பதோ நோய் விவரம். ஒரு பெண்ணுக்கு வலிப்பு மாத்திரை எழுதிக்கொடுத்த செய்தி கோயில் வாசல்வரை போனால், வரன் பேசிக்கொண்டிருந்தவர்கள் காரணம் சொல்லாமலே நின்றுவிடுவார்கள். நம் ஆட்களைப் பற்றி உனக்குத் தெரியாததா?

கவுண்டர் பெண்கள் எல்லாரும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்லில் நுழைகிறார்கள் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அங்கேதான். முதலில் அதை நிறுத்து. ஆளுக்கொரு கணக்கு கொடு. கவுண்டரில் இருப்பவருக்கு வருகை நேரமும் பில்லும் தெரிந்தால் போதும், ரத்தப் பரிசோதனை முடிவு எதற்கு? வேலையை விட்டவரின் கணக்கை அன்று மாலையே மூடு. யார், எந்தப் பதிவை, எப்போது திறந்தார் என்பது கணினியில் பதிவாக வேண்டும். மாதம் ஒருமுறை நீயே அதைப் புரட்டிப் பார். பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே வேடிக்கைக்குத் திறப்பது பாதி குறைந்துவிடும்.

இது என் சொந்த நச்சரிப்பு மட்டும் இல்லை. நம் மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2024-இல் திருத்தினார்கள் அல்லவா? 2025 ஜூன் 1 முதல், பெரிய பாதிப்பு தரக்கூடிய கசிவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் சொல்ல வேண்டும். அதன்பின் 7 நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். எல்லாரும் ஒரே பெயரில் நுழையும் இடத்தில், யார் எதை எடுத்தார் என்று 72 மணி நேரத்தில் எப்படிக் கண்டுபிடிப்பாய்? சட்டத்தின் கோட்பாடுகளை மீறினால் அபராத உச்சம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாகிவிட்டது. இன்னொன்று, 10,000 பேருக்கு மேல் நோய் விவரம் போன்ற உணர்வுமிக்க தரவு வைத்திருந்தால் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்தாக வேண்டும். சின்ன கிளினிக்தானே என்று நினைக்காதே, பழைய நோயாளி அட்டைகளையும் சேர்த்து எண்ணிப் பார்.

அப்புறம் இந்த ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணைக் கடவுச்சொல்லாக வைக்கும் பழக்கம்! சம்பளச் சீட்டு, மருத்துவ அறிக்கை எல்லாவற்றுக்கும் அதுதான் பூட்டு. 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், நம்மைப் போலப் பினாங்கில் பிறந்திருந்தால் 07. மிச்சம் நான்கு. அதிலும் கடைசி எண் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. ஆக, உன் வயதும் பிறந்தநாளும் சொந்த ஊரும் தெரிந்தவன் எவனும் 5,000 எண்களை முயன்றால் போதும், கணினிக்கு அது கண்மூடித் திறக்கும் வேலை. முயலக்கூட வேண்டாம். 2017-இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் வெளியே வந்ததே, அதிலேயே ஐ.சி. எண்ணும் இருந்தது.

வாட்ஸ்அப் குழுவில் டாக்டருக்கு அறிக்கையைப் படம் எடுத்து அனுப்புவது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படம் குழுவில் இருக்கும் ஒவ்வொருவர் கைப்பேசியிலும், பிள்ளையின் பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆள் வேலையை விட்டுப் போகும்போது அதுவும் கூடவே போகும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், பெயரையும் ஐ.சி. எண்ணையும் மறைத்துவிட்டு நோயாளிப் பதிவு எண்ணை மட்டும் விடச் சொல்.

வாடகைக்கு எடுத்த நகல் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். பெரிய மெஷின்கள் பலவற்றின் உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கும், நகலெடுத்த தாள்களின் படம் அதில் தங்கியிருக்கலாம். அழித்துவிட்டோம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அனுப்பு.

தைப்பூசத்துக்கு வருவதானால் இப்போதே சொல். பட்டர்வொர்த் ஈடிஎஸ் ரயிலில் கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைக்காது. வீட்டில் இடம் இருக்கிறது, மூத்தவளையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
முருகு