விமானத் தபால் உறைகளை வெட்ட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் தபால்தலை சேகரிப்பைப் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பள்ளிப் பிள்ளைகளை இந்தப் பழக்கத்தின் பக்கம் திருப்பும் நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டிருந்த அக்கட்டுரையில், பரணில் கிடக்கும் பழைய கடிதங்களிலிருந்து தலைகளை ஓரம் விட்டு வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, ஆல்பத்தில் ஒட்டும் முறை படத்தோடு விளக்கப்பட்டிருந்தது. நேற்று வந்த கடிதத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் பழைய உறைகள், குறிப்பாக விமானத் தபாலில் வந்த உறைகள், இருக்கிற வீட்டில் அந்த யோசனையை அப்படியே கடைப்பிடித்தால் திரும்பப் பெற முடியாத இழப்பு நேரும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

செய்து கெட்டவன் என்ற தகுதி எனக்கு இதில் உண்டு. என் தாத்தாவின் அண்ணன் ரங்கூனில் செட்டிநாட்டார் கிட்டங்கி ஒன்றில் கணக்கெழுதியவர். யுத்தத்துக்கு முன்பு அவர் ஊருக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. 1960-களில், எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஒரு கோடை விடுமுறையில் அவ்வளவையும் அலுமினியத் தட்டில் ஊறப்போட்டுத் தலைகளை உரித்து, தங்கள் நாளிதழின் மேல்தான் உலர்த்தினேன். உறைகள் வெந்நீர் அடுப்புக்குப் போயின. பிரிட்டிஷ் விமானச் சேவையின் தபால் ரங்கூனை எட்டியது 1933-இல். பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்து, இந்தியத் தலைகளின் மேல் 'பர்மா' என்று அச்சிட்டு விற்கத் தொடங்கியது 1937-இல். அந்தப் பெட்டியில் எது கப்பலில் வந்தது, எது விமானத்தில் வந்தது, எந்த வழியாக எத்தனை நாளில் வந்தது என்பதையெல்லாம் சொல்லக்கூடிய சாட்சியத்தை நான் எரித்துவிட்டேன். கையில் மிஞ்சியவை, எங்கும் மலிவாகக் கிடைக்கிற ராஜா தலைகள் சில.

வீட்டிலிருந்த மற்ற கடிதங்களிலும் தப்பியது ஒரே ஓர் உறை. அதுவும், ஒட்டியிருந்த ஒன்றரை அணாத் தலையின் மூலை கிழிந்து, அசோகர் சிங்கங்களில் ஒன்றின் முகம் போயிருந்ததால், ஆல்பத்துக்கு ஆகாது என்று நான் ஒதுக்கிவைத்தது. 'ஜெய் ஹிந்த்' என்று பொறித்து, சுதந்திரம் கிடைத்த ஆண்டில் வெளியான வரிசையைச் சேர்ந்த தலை அது. முகப்பில் சென்னை முத்திரை, 1949 பிப்ரவரி 8. பின்பக்கத்தில், மடிப்பின் பசைக் கறையின் மேல் பாதி ஏறி நிற்கும் டெல்லி முத்திரையில் பிப்ரவரி 9. ரயிலில் போயிருந்தால் வழியிலேயே இரண்டு இரவுகள் கழிந்திருக்கும். இது ஒரே இரவில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்கு ஒன்பது நாள் முன்பு, காந்தியடிகளின் முதலாம் நினைவு நாளான 1949 ஜனவரி 30 அன்றுதான் இரவு விமானத் தபால் தொடங்கியது. சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லி ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் கிளம்பும் டகோட்டா விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் கூடி, தபால் பைகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் அந்தந்த ஊருக்குத் திரும்பிவிடும். சாயங்காலம் சென்னையில் போட்ட கடிதத்தை மறுநாள் டெல்லியில் பிரிக்கலாம் என்பது அன்றைக்குப் பெரிய அதிசயம். என் உறை முதல் இரவில் பறந்ததல்ல. ஆகவே சந்தையில் அதற்குப் பெரிய விலை கிடையாது. ஆனால் அந்தக் கிழிந்த தலையை மட்டும் வெட்டி எடுத்திருந்தால் நாக்பூர் நள்ளிரவைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்காது.

முதல் விமான உறைகளைச் சேகரிப்பவர்கள் தேடுவது இதைத்தான். புதிதாக ஒரு வான்வழி தொடங்கும் நாளில் அந்த விமானத்திலேயே போன உறை என்பதற்கு மூன்று சான்றுகள் வேண்டும்: புறப்பட்ட ஊரின் தேதி முத்திரை, அந்தப் பயணத்துக்கென்று குத்திய தனி முத்திரை இருந்தால் அது, போய்ச் சேர்ந்த ஊரின் பின்முத்திரை. இவற்றோடு, அந்த நாளின் கட்டணத்துக்குத் தக்க தலைகள் உறையின் மேலேயே இருக்க வேண்டும். தலையை உரித்த மறுகணமே உறை மொட்டையாகிவிடும். தலையும் ஆயிரம் சாதாரணத் தலைகளோடு இன்னொன்றாகிவிடும்.

இந்தத் துறையில் உலகுக்கே வழிகாட்டியது நம் நாடு என்பதைத் தங்கள் கட்டுரை குறிப்பிடாமல் விட்டது எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. 1911 பிப்ரவரி 18 அன்று, அலகாபாத்தில் நடந்த ஐக்கிய மாகாணக் கண்காட்சியின்போது, ஹென்றி பெக்கே என்ற 23 வயது பிரெஞ்சு விமானி, சுமார் 6,500 கடிதங்களோடு ஹம்பர் விமானத்தில் ஏறி, யமுனையைக் கடந்து, ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் உள்ள நைனியில் இறங்கினார். அரசு அனுமதியோடு விமானத்தில் தபால் போனது உலகில் அதுவே முதல் முறை. ஏற்பாடு செய்தவர் வால்டர் விண்டம் என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தில் ஹெண்டனிலிருந்து விண்ட்சருக்கு விமானத் தபால் பறக்க அவரே காரணமாக இருந்தது அதே ஆண்டு செப்டம்பரில்தான். அலகாபாத் கடிதம் ஒவ்வொன்றுக்கும் ஆறணா தனிக் கட்டணம் வாங்கி, அந்தத் தொகையை அவ்வூர் மாணவர் விடுதி ஒன்றுக்குக் கொடுத்தார்கள். விமானமும் மலையும் பொறித்த வட்ட முத்திரையை மெஜந்தா நிறத்தில் குத்தினார்கள்.

கண்ணைப் பறிக்கும் அந்த முத்திரையே போலிகளுக்கும் தோதாக அமைந்துவிட்டது. ரப்பரில் வெட்டிப் பழைய உறையின் மேல் குத்துவது கைத்திறன் உள்ளவனுக்குப் பெரிய வேலையல்ல. ஏமாறாமல் இருக்க உறையின் மற்ற பகுதிகளைத்தான் பார்க்க வேண்டும். எட்டாண்டுகளுக்கு முன் எனக்கு அப்படி ஓர் உறை காட்டப்பட்டது. காட்டிய வியாபாரி, தன் பாட்டனார் காலத்துச் சொத்து என்று கண்கலங்கச் சொன்னார். முத்திரை அச்சு அசலாக இருந்தது. ஆனால் கீழே ஒட்டியிருந்தது ஐந்தாம் ஜார்ஜ் தலை. அவர் உருவம் பொறித்த தலைகள் இந்தியாவில் வெளிவந்தது 1911 டிசம்பரில். பிப்ரவரியில் பறந்த கடிதத்தில் இருக்க வேண்டியது ஏழாம் எட்வர்டோ, மிஞ்சிப்போனால் விக்டோரியாவோதான். தலை உறையின் மேலேயே இருந்ததால் அன்று என் பணம் பிழைத்தது.

சென்னைக்காரர்களுக்கு நெருக்கமானது 1932 அக்டோபர் பயணம். ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு விமானம் ஓட்டியதை எல்லோரும் அறிவார்கள். அவர் பம்பாயோடு நின்றுவிட்டார் என்பதும் அங்கிருந்து அவருடைய கூட்டாளியான விமானி நெவில் வின்சென்ட் தபாலை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார் என்பதும் பலருக்குத் தெரியாது. இந்த இணைப்பின் அருமை விளங்க அதற்கு முந்தைய நிலையையும் பார்க்க வேண்டும். 1929 மார்ச் 30 அன்று லண்டன்-கராச்சி விமானத் தபால் தொடங்கியபோதே, இடையில் சுவிட்சர்லாந்தின் பாசலிலிருந்து இத்தாலியின் ஜெனோவா வரை ரயிலில் ஏறி, மத்தியதரைக் கடலை நீர்விமானத்தில் தாண்டி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் கடிதம் கராச்சியில் இறங்கிவிட்டது. அப்படி விரைந்து வந்த கடிதம் கராச்சியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஊர்ந்து வர வேண்டியிருந்தது. அந்தக் குறையைத் தீர்க்க, 1932 அக்டோபர் 15 அன்று ஒற்றை இயந்திரம் கொண்ட புஸ் மாத் விமானத்தில் சுமார் 25 கிலோ தபாலோடு டாட்டா புறப்பட்டார். அகமதாபாத்தில் அவருக்குப் பெட்ரோல் மாட்டு வண்டியில் டின்களில் வந்தது. மறுநாள் வின்சென்ட் சென்னையில் இறங்கினார். அந்தத் தபாலில் ஓர் உறை உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், முகப்பைவிடப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1948-ஐப் பொறுத்தவரை தலைக்கும் உறைக்கும் உள்ள வேறுபாடு இன்னும் தெளிவு. ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் மலபார் பிரின்ஸஸ் விமானம் அந்த ஆண்டு ஜூன் 8 அன்று கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்கு முதல் முறை பறந்தது. அதற்கென்றே பன்னிரண்டு அணாத் தலை ஒன்று வெளியானது. அந்தத் தலையைத் தனியாக வாங்கப் பெரிய செலவு ஆகாது. அதே தலை, அதே விமானத்தில் பறந்து, சேர்ந்த ஊரின் முத்திரையோடு உறையில் இருந்தால் கதை வேறு. இரண்டரை ஆண்டுக்குள், 1950 நவம்பர் 3 அன்று, அதே மலபார் பிரின்ஸஸ் மோன் பிளாங்க் மலையில் மோதி 48 பேர் மாண்டார்கள். விபத்துகளில் கருகியும் நனைந்தும் மீண்ட தபாலைத் தனிப் பிரிவாகவே சேகரிப்பவர்கள் உண்டு. எனக்கு மனம் ஒப்பவில்லை, அது என் பலவீனமாகவும் இருக்கலாம்.

உறையின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகப் பட்டை இருந்தாலோ, 'ஏர் மெயில்' என்ற நீலச் சீட்டு ஒட்டியிருந்தாலோ அது விமானத்தில் வந்ததென்று முடிவுகட்டிவிடக் கூடாது. கட்டணம் குறைந்திருந்தாலும், வான்வழி பாதியில் முடிந்தாலும், அந்தச் சீட்டின் மேல் குறுக்குக் கோடுகள் இழுத்து, எஞ்சிய தூரத்துக்குக் கப்பலிலோ ரயிலிலோ ஏற்றிவிடுவார்கள். அழுக்கென்று பலர் அழிரப்பரால் தேய்க்கும் கோடுகளில் இவையும் அடக்கம். யுத்தகால உறைகளில் தணிக்கை அதிகாரிகள் ஒட்டிய காகிதப் பட்டையையும் அப்படித்தான் பிய்த்தெறிகிறார்கள். இத்தாலி 1940 ஜூனில் போரில் இறங்கி மத்தியதரைக் கடல் வழி அடைபட்ட பிறகு, இங்கிலாந்துக் கடிதங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் வரை கப்பலில் சுற்றிப் போய், அங்கிருந்து விமானமேறி, கெய்ரோ, கராச்சி வழியாக நமக்கு வந்தன. முத்திரையின் தேதிகளையும் தணிக்கைப் பட்டையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் இந்தச் சுற்றுவழி பிடிபடும்.

பாதுகாக்கும் முறை எளிது. உறையை ஒட்டவும் வேண்டாம், லேமினேட் செய்யவும் வேண்டாம். கிழிசலுக்கு செலோடேப் போட்டால் ஐந்தாறு வருடத்தில் பசை பழுத்துக் காகிதத்தில் பழுப்புக் கறை ஏறிவிடும். ஃபோட்டோ ஆல்பத்துக்கு விற்கும் மூலைச் சீட்டுகளில் உறையைச் செருகி, அமிலமில்லாத தாளில் வைத்தால் போதும். மலிவான பிவிசி பைகளைத் தவிர்க்க வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரமும் ராமபாணப் பூச்சியும் மற்ற ஆபத்துகள். மழைக்காலம் கழிந்ததும் ஒரு முறை வெளியே எடுத்து, வெயில் படாத நிழலில் காற்றாட வைப்பது என் வழக்கம். உள்ளே கடிதம் இருந்தால் அதையும் உறையோடு சேர்த்தே வைக்க வேண்டும். தன்னிடம் உள்ளது என்னவென்று தெரியாதவர்கள், விற்கும் முன்பு, அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தின் தபால்தலைப் பிரிவுக்கு வரும் சேகரிப்பாளர்களில் இரண்டு பேரிடமாவது காட்டலாம்; ஒருவரிடம் மட்டும் காட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தலையை ஊறவைத்துப் பிரிக்கும் மகிழ்ச்சியைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டும் என்பது என் எண்ணமல்ல. இன்றைய தபாலில் வரும் உறைகளில் அவர்கள் தாராளமாகப் பழகட்டும். கட்டுரையின் அடுத்த பகுதி வரும் ஞாயிறு வெளியாகும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில், 1970-க்கு முந்தைய உறை எதையும் வெட்ட வேண்டாம் என்று ஒரு வரி கட்டம் கட்டிப் போட்டு, முகப்பில் உள்ள கத்தரிக்கோல் படத்தையும் மாற்றிவிட்டால், இந்த வாரம் பரண் ஏறியிருக்கும் எத்தனையோ பிள்ளைகள் இறங்கி வருவதற்குள் அது அவர்கள் கண்ணில் பட்டுவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருவல்லிக்கேணி, சென்னை.