ரேழிக்கு உள்ளே எங்களுக்கு விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காட்டுக் கல்பாத்தியின் தேர்த் திருவிழாவை முன்னிட்டுத் தங்கள் நாளிதழில் வெளியான சிறப்புக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் பழைய அக்ரஹார வீடுகளில் ஒரு செங்கல்லைக்கூட மாற்ற அனுமதிக்கக் கூடாது என்று கட்டுரையாளர் முடித்திருந்தது எனக்கு ஒப்பவில்லை. அவர் எப்படிப்பட்ட வீட்டில் குடியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் புதிய கல்பாத்தியில், அவர் படம் எடுத்தது போன்ற ஒரு வீட்டில்தான் இருக்கிறேன். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

எங்கள் வீடுகளை வெளியூர்க்காரர்கள் திண்ணையோடு பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். திண்ணைக்குப் பின்னால் ரேழி (வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள இடைகழி), கூடம், முற்றம், அடுக்களை, கொல்லைக் கிணறு என்று வீடு நீண்டுகொண்டே போகும். அகலம் மிகக் குறைவு. இருபுறச் சுவரும் அண்டை வீட்டாரோடு பொது. என் வீட்டு உத்தரத்தின் ஒரு முனை பக்கத்து வீட்டு மாமாவின் கூடத்துச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ஒருவர் இடித்துக் கான்கிரீட்டில் கட்டினால், மழையையே பார்த்திராத அண்டை வீட்டு மண்சுவர் ஒரே பருவத்தில் ஊறிப்போகும். அந்தத் தொல்லையை இங்கே கண்ணால் கண்டவர்கள் உண்டு. ஆகவே கட்டுப்பாடே கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. கட்டுப்பாடு இல்லாதிருந்தால் இந்நேரம் தெருவில் பாதி, அடுக்குமாடி ஆகியிருக்கும்.

என் சங்கடம் வேறு. அடுக்களைக்கு மேலே இருந்த உத்தரத்தைக் கரையான் தின்றுவிட்டது. தெருவிலிருந்து எந்தக் கோணத்தில் நின்றாலும் அந்தக் கூரை கண்ணில் படாது. மரத்துக்குப் பதில் இரும்புக் குழாய் வைத்து, மேலே அதே பழைய ஓட்டைத் திரும்ப அடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பாரம்பரியத் தெரு என்பதால் அனுமதி கேட்டு முறைப்படி விண்ணப்பம் கொடுத்தேன். அலுவலகத்தில் கேட்டது என்ன தெரியுமா? வீட்டு முகப்பின் அளவு வரைபடம்! ஒழுகுவது பின்கட்டு ஐயா என்றேன். படிவத்தில் முகப்பு என்றுதான் இருக்கிறது என்றார்கள். வரைபடம் போட ஒரு பொறியாளரைப் பிடித்தேன். அவருக்குக் கொடுத்த பணத்தில் பாதி உத்தரம் வாங்கியிருக்கலாம். பிறகு கோப்பு மேலிடத்துக் குழுவுக்குப் போயிற்று. குழு எப்போது கூடும் என்பது குழுவுக்கே தெரிந்தால்தான் உண்டு. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்பு கொடுத்த விண்ணப்பம். ஐப்பசியின் துலா மழையும் வந்துவிட்டது. அடுக்களை மேல் நீல நிறத் தார்ப்பாய் போர்த்தியிருக்கிறேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தார்ப்பாய்க்கு மட்டும் இதுவரை யாரும் அனுமதி கேட்கவில்லை.

இதே தெருவில் இன்னொருவர் யாரையும் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசாரியை வரவழைத்து உத்தரத்தை மாற்றி முடித்துவிட்டார். அவருக்கு ஒன்றும் நேரவில்லை, நேரவும் வேண்டாம். நேர்மையாகக் கேட்பவருக்குத்தான் தடை என்றால், அடுத்த முறை யார் கேட்பார்கள்? இதைவிடக் கொடுமை, பூட்டிக் கிடக்கும் வீடுகள். பிள்ளைகள் மும்பையிலும் அமெரிக்காவிலும், பாகப்பிரிவினை முடியவில்லை, ஓடு சரிந்து, முற்றத்தில் ஆலங்கன்று முளைத்து நிற்கிறது. அப்படி ஒரு வீடு தானாக விழுந்தால் விதிப்படி குற்றம் இல்லை. பழுது பார்த்தால்தான் விதி நினைவுக்கு வருகிறது.

கட்டுரையாளர் ‘அன்று இருந்தபடியே’ என்று பலமுறை எழுதுகிறார். எந்த அன்று? இங்குள்ள விசுவநாத சுவாமி கோயிலுக்கு 1425-ஆம் ஆண்டுக் கணக்கு சொல்வார்கள். என் அடுக்களைக் கூரைக்கு அத்தனை வயது கிடையாது. இன்று காப்பாற்றச் சொல்லும் இந்தச் சிவப்பு ஓடே புதிதாக வந்த சரக்குதான். ஜெர்மானியப் பாதிரிமார்களின் பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை வைத்த பிறகு மேற்குக் கரையெங்கும் பரவியது அது. அந்தக் காலத்துப் பெரியவர் யாராவது ‘வெள்ளைக்காரன் ஓடு வீட்டுக்கு ஆகாது’ என்று முகம் சுளித்திருப்பார், சந்தேகமில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் தெருவில் சிலருக்கு இது பிடிக்காது. 1924-இல், பாலக்காடு சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், இதே கல்பாத்தித் தெருக்களில் நடக்க முற்பட்ட, தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட ஈழவ சாதியினர் தடுக்கப்பட்டார்கள். பொதுவழியில் நடக்கும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. அந்த வழக்கத்தையும் ‘அன்று இருந்தபடியே’ வைத்திருக்கவில்லை அல்லவா? வைத்திருக்கவும் கூடாது. எது நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று தேர்ந்தெடுத்துத்தான் இந்தத் தெரு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

செலவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பழைய சுவருக்குச் சுண்ணாம்புக் காரைதான் ஏற்றது என்பதை நானும் அறிவேன். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் புழை (ஆறு) பெருகி ஊறிப்போன சுவர்களுக்குச் சிலர் சிமென்ட் பூசினார்கள். உள்ளே இருந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறி, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. சரி, சுண்ணாம்பே பூசுவோம் என்றால் ஆள் எங்கே? சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடி ஊர் ஊராகப் போக வேண்டும். கிடைத்தாலும் அவர் கேட்கும் கூலி, ஓய்வூதியக்காரிக்குக் கட்டுப்படியாகாது. களிமண் கிடைக்காமல் ஓட்டுத் தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. இடித்த வீடுகளிலிருந்து கழற்றிய ஓட்டைத்தான் வாங்குகிறோம். ஒரு பழைய வீட்டைக் காக்க இன்னொரு பழைய வீடு விழக் காத்திருக்கிறோம் என்று பொருள்.

மற்ற ஊர்களில் இதற்கு ஏதோ வழி கண்டிருக்கிறார்கள். புதுச்சேரியில் வைசியாள் வீதியில் தமிழர் வீட்டு முகப்புகளை வரிசையாகச் சீர்செய்தபோது, செலவில் ஒரு பங்கைத் திட்டமே ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம் அதில் இருந்தது. 2017-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்த அகமதாபாத்தில், பழைய வீட்டைக் காப்பவர் தன்னால் கட்ட முடியாத கூடுதல் மாடிகளுக்கான உரிமையை வேறு இடத்தில் கட்டுபவருக்கு விற்கலாம். மும்பையில் 1995-இலேயே பாரம்பரியக் கட்டடங்களைத் தரம் பிரித்து, எந்தத் தரத்துக்கு எவ்வளவு மாற்றம் தகும் என்று எழுதிவைத்தார்கள். ஏன், இங்கே பாலக்காடு கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010-இல் திருத்திய சட்டப்படி, அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். கடுமையான சட்டம்தான். ஆனால் நாடா வைத்து அளந்து பார்த்துக்கொள்ளலாம். அதிலும் தடைசெய்த 100 மீட்டருக்குள் இருக்கும் வீட்டைப் பழுது பார்க்க அனுமதி கேட்க இடம் உண்டு. எங்கள் தெருவில் எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று கேட்டால் மேசைக்கு மேசை ஒரு பதில் வருகிறது.

நான் கேட்பது கொஞ்சமே. ரேழியில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு வெளியே இருக்கும் திண்ணை, தூண், தெருவில் தெரியும் கூரைச் சரிவு, வீட்டின் உயரம், இவையெல்லாம் தெருவுக்குச் சொந்தம். அங்கே நீங்கள் சொன்னபடி கேட்கிறேன். அதற்குக் கொத்தனாரோ ஓடோ பணமோ எதிலாவது கைகொடுங்கள். எதுவும் முடியாவிட்டால் வீட்டு வரியையாவது குறையுங்கள். பொதுச் சுவரைத் தொடும் வேலை என்றால் அண்டை வீட்டாரின் சம்மதக் கையெழுத்தை வாங்கித் தருகிறோம். மற்றபடி ரேழிக்கு உள்ளே எங்களுக்கு விட்டுவிடுங்கள். என் மாமியாருக்குத் தொண்ணூறு வயது நெருங்குகிறது. முழங்கால் மடங்காது. கழிப்பறை கொல்லைக் கோடியில், கிணற்றுக்கும் அப்பால் இருக்கிறது. இரவில் மழை ஈரத்தில் முற்றத்தைத் தாண்டி அவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போக வேண்டும். கூடத்தை ஒட்டி நாற்காலிக் கழிப்பறை ஒன்று கட்டினால் எந்தப் பாரம்பரியம் கெட்டுவிடும்? தேர் பார்க்க வரும் எந்தப் பக்தரும் அங்கே எட்டிப் பார்க்கப் போவதில்லை.

முடிவெடுப்பவர் இந்த ஊரிலேயே இருக்கட்டும். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை என்றால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று விதியிலேயே எழுதட்டும். இது சலுகை இல்லை. நான் வகுப்பில் விடைத்தாள் திருத்தித் தரக்கூட இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டதில்லை.

மாசியில் வரும்படி ஆசாரியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இரும்புக் குழாய்க்கும் முன்பணம் கொடுத்தாயிற்று. அதற்குள் அனுமதி வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் வேலை நடக்கும், பட்டப்பகலில், வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே. விசாரிக்க வரும் அதிகாரிக்குக் காபி உண்டு. கட்டுரையாளரும் கூட வரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
புதிய கல்பாத்தி, பாலக்காடு.
(விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)