திரும்பி வராத ஐநோடுகள்

மண்டபம்,
18 மே 2025

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் பங்குனி முடிவதற்குள்ளாகவே வந்து சேர்ந்துவிட்டது. "நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நிரலை எதற்காகக் கலைத்துக் கலைத்து அடுக்குகிறாய், அந்த நேரத்தில் புதிதாக ஏதாவது எழுதக் கூடாதா?" என்று அதில் கேட்டிருந்தாய். கல்லூரி விடுதியில் தொடங்கிய வாக்குவாதம் இது. அதற்கு விடையாகக் காட்டக்கூடிய ஒரு வேலை அப்போதுதான் என் கைக்கு வந்திருந்தது என்பதால், அது முடிந்த பிறகு எழுதலாம் என்று இருந்துவிட்டேன். சென்ற வாரம்தான் முடிந்தது.

முதலில் ஊர்ச் செய்தி. ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. ஜூன் 14 வரை, 61 நாட்களுக்கு, விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான். அப்பாவின் படகையும் மேலே ஏற்றி ஓடாவியை வைத்துப் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பாம்பன் புதிய பாலம் ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டுவிட்டது. 2022 டிசம்பரில் நின்றுபோன இரயில் மீண்டும் ராமேஸ்வரம் வரை போகிறது. இனி நீ வருவதாக இருந்தால் மண்டபத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை.

கைக்கு வந்த வேலை இதுதான். இங்கே ஓர் ஐஸ் கம்பெனியை ஒட்டிக் குளிர்பதனக் கிடங்கு ஒன்று இருக்கிறது. அதன் வெப்பநிலையை இரண்டு உணரிகள் நாள் முழுவதும் அளக்க, ஒரு சிறிய லினக்ஸ் கணினி அதை ஒரு மெமரி கார்டில் பதிந்து வைக்கிறது. நாளுக்கு ஓர் அடைவு (ஃபோல்டர்), அதற்குள் மணிக்கு ஓர் அடைவு, அதற்குள் உணரிக்கு ஒரு கோப்பு. கார்டில் இடம் தீர்ந்தால் மிகப் பழைய நாளை அழித்துவிட்டுத் தொடர வேண்டும் என்பது ஏற்பாடு. மீன் வாங்குபவர் ஒருவர் 45 நாள் பதிவைக் கேட்டபோதுதான், முன்பு 45 நாள் நின்ற கார்டில் இப்போது 40 நாளுக்கு மேல் நிற்பதில்லை என்று உரிமையாளர் கவனித்தார். தடைக்காலத்தில் ஐஸ் வியாபாரம் மந்தம் என்பதால், கணினியை நிறுத்திவிட்டுக் கார்டைக் கழற்றி என்னிடம் கொடுக்க அவருக்கும் வசதியாக இருந்தது.

நம் கரையில் எந்த மின்னணுப் பொருள் கெட்டாலும் முதலில் உப்புக்காற்றைச் சொல்வார்கள், அடுத்து மின்வெட்டைச் சொல்வார்கள். இரண்டும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அந்தக் கார்டின் முனைகளிலும் பச்சை பூத்திருந்தது. போதாததற்கு, கோப்புகளை வட்டில் அடுக்கி வைக்கும் ஏற்பாடாக அதிலிருந்தது ஜர்னல் இல்லாத, பழைய, சிறிய கோப்பு முறைமை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாதியில் நின்ற வேலையைத் திரும்பப் பார்த்து முடிக்க அதற்கு வழியில்லை. எனவே நானும் முதல் இரண்டு நாட்கள் மின்வெட்டு என்றே முடிவு கட்டிவிட்டிருந்தேன்.

என் எண்ணத்தை மாற்றியது ஒரு கணக்கு. கார்டை முழுவதும் ஒரு கோப்பாகப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியின் மீது சரிபார்ப்பு நிரலை ஓட்டியபோது, எந்த அடைவிலும் பெயர் இல்லாமல், ஆனாலும் விடுவிக்கப்படாமல், 362 ஐநோடுகள் கிடந்தன. நீ தரவுத்தளத்துக்காரன் என்பதால் ஒரு வரியில் நினைவூட்டிவிடுகிறேன். ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வோர் அடைவுக்கும் வட்டில் ஒரு பதிவு உண்டு, அதுதான் ஐநோடு. இந்தக் கோப்பு முறைமையில் அவற்றின் எண்ணிக்கை, கார்டை ஃபார்மட் செய்யும்போதே நிர்ணயிக்கப்பட்டுவிடும்; அவை தீர்ந்தால் கார்டில் இடம் தீர்ந்தது போலத்தான். ஒரு நாளின் பதிவுக்கு எத்தனை ஐநோடு செலவாகும் என்று எண்ணிப் பார்த்தேன்: நாளுக்கு 1, மணிக்கு ஒன்றாக 24, உணரிக் கோப்புகள் 48, ஆக 73. காணாமல் போனது ஐந்து நாள் பதிவு, அதாவது 365. கிடந்தது 362. மேலும் அந்த 362-ல் ஒவ்வொன்றும் ஒரு நாளின் அடைவாகவே இருந்தது. கோப்பு ஒன்றுகூட இல்லை, மணிக்குரிய அடைவு ஒன்றுகூட இல்லை. மின்வெட்டு இப்படிப் பொறுக்கி எடுத்துக் கெடுக்காது.

அடுத்து, கார்டையும் கணினியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, என் மடிக்கணினியிலேயே ஒரு மெகாபைட் அளவில் வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கி, அதில் அதே கோப்பு முறைமையை அமைத்து, வட்டுப் போல இணைத்தேன். ஐநோடு தீரும்வரை ஓர் அடைவுக்குள் அடைவுகளாக உருவாக்குவது, தீர்ந்த பிறகும் ஒருமுறை உருவாக்க முயன்று பிழைச் செய்தியை வாங்கிக்கொள்வது, பிறகு எல்லாவற்றையும் அழிப்பது, கடைசியில் சரிபார்ப்பது. பத்து வரிக்குள் அடங்கும் ஸ்கிரிப்ட்தான். முதல் ஓட்டத்திலேயே ஓர் ஐநோடு திரும்பி வரவில்லை. பத்து முறை ஓட்டினேன், பத்து போயிற்று. உப்பும் இல்லை, மின்வெட்டும் இல்லை. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மூன்று ஆண்டுகளாக நம் ஊரில் ஓடிய இயந்திரம் ஒன்று, தன் மீது தவறில்லாமலேயே பழி சுமந்திருக்கிறது.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், அந்தக் கோப்பு முறைமையின் நிரலைத் திறந்தால் விஷயம் இப்படி இருந்தது. ஓர் அடைவின் இணைப்பு எண்ணிக்கை, அதாவது அதைக் காட்டும் பெயர்களின் எண்ணிக்கை, பிறக்கும்போது 2. தாய் அடைவில் அதற்குள்ள பெயர் ஒன்று, தனக்குள்ளேயே தன்னைக் காட்டும் ஒற்றைப் புள்ளி ஒன்று. அதற்குள் ஒரு சேய் அடைவு உருவானால், சேயின் இரட்டைப் புள்ளி தாயைக் காட்டுவதால், தாயின் எண்ணிக்கை ஒன்று கூடும். அடைவை உருவாக்கும் செயற்கூறு (ஃபங்ஷன்) தாயின் எண்ணிக்கையை முதலில் கூட்டிவிட்டு, அதன் பிறகே சேய்க்கு ஐநோடு கேட்கிறது. ஐநோடு இல்லை என்று பதில் வந்தால் கூட்டியதைக் கழித்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஆனால் அந்த ஓரிடத்தில் மட்டும், கழிக்காமல் நேராகத் திரும்பிவிட்டது. உள்ளே எதுவும் இல்லாதபோது 2 ஆக இருக்க வேண்டியது 3 ஆகிவிட்டது. நாற்பது நாள் கழித்து அந்த நாளை அழிக்கும்போது 3-லிருந்து இரண்டு கழிந்து 1 நிற்கிறது. பூச்சியம் ஆகாத ஐநோடை கெர்னல் விடுவிப்பதில்லை. பெயரும் போய், உயிரும் போகாமல், அது அப்படியே கிடந்துவிடுகிறது. ஐநோடுகள் குறையக் குறைய அந்தத் தோல்விப் பாதையில் போக வேண்டிய வேளையும் நெருங்கி நெருங்கி வரும் என்பதால், இந்த வழு, அதாவது நிரல் பிழை, தனக்குத் தானே தீனி போட்டுக்கொண்டது.

எப்போது நுழைந்த வழு என்று வரலாற்றில் தேடினேன். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்னும் கருவியில் லினக்ஸ் கெர்னலின் வரலாறு 2005 ஏப்ரலில், 2.6.12 பதிப்பின் இரண்டாம் முன்வெளியீட்டோடு தொடங்குகிறது. தேடல் அந்த முதல் பதிவில் போய் முட்டி நின்றது. ஆக, குறைந்தது இருபது ஆண்டுகள். இத்தனை காலம் யார் கண்ணிலும் படாததில் வியப்பில்லை. அந்தச் செயற்கூறில் ஒன்பது இடங்களில் திரும்பும் கட்டளை இருந்தது. வெற்றிப் பாதையை நாள்தோறும் பலர் நடந்து தேய்த்திருப்பார்கள். தோல்விப் பாதைகளில் வட்டு நிறைந்தவன் மட்டுமே நடப்பான், அவனும் எதையாவது அழித்து இடம் உண்டாக்குவதில் குறியாக இருப்பானே தவிர, எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்.

உன் கேள்விக்கு இங்கேதான் வருகிறேன். இதே செயற்கூறை நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு படித்திருக்கிறேன், வேறொரு காரணத்துக்காக. அப்போதும் இந்த வரி என் கண் முன்னால்தான் இருந்தது. ஒன்பது வாசல் உள்ள வீட்டில் எந்த வாசல் பூட்டப்படவில்லை என்பது பார்வைக்குப் புலப்படவில்லை. இப்போது அதை ஒழுங்குபடுத்தி, எல்லாத் தோல்விகளும் இறுதியில் ஒரே இடத்துக்கு வந்து, எடுத்தவற்றை எடுத்த வரிசைக்கு எதிர் வரிசையில் திருப்பி வைத்துவிட்டு வெளியேறும்படி அமைத்தபோது, இதே கோப்பில் இன்னும் ஒரு குறை தானாகவே வெளியே வந்தது: பெயர் மாற்றும் செயற்கூறில், ஒரு பாதையில், வட்டிலிருந்து படித்த பிளாக்கை (தரவுத் துண்டை) விடுவிக்கவே இல்லை. அதைத் தேடி நான் போகவில்லை. அடுக்கும்போது ஒரு பொருள் மிஞ்சியது, இது எங்கே இருக்க வேண்டியது என்று கேட்டதும் கிடைத்துவிட்டது.

ஆனால் வரிசையில் நான் பிடிவாதமாக இருந்தேன். வழுவைத் திருத்தும் பேட்ச் (நிரலில் செய்யும் மாற்றத்தின் தொகுப்பு) முதலில், தனியாக, ஒரே வரியில். ஒழுங்குபடுத்தும் பேட்ச்கள் அதன் பிறகு, ஒவ்வொன்றும் ஒரே ஒரு காரியம் மட்டும் செய்வதாக. பழைய பதிப்புகளை வைத்திருப்பவர்களுக்கு, இந்த ஐஸ் கம்பெனிக் கணினியைப் போன்றவற்றுக்கு, திருத்தம் மட்டும் போய்ச் சேர வேண்டும். அதை நூறு வரி அலங்காரத்தோடு சேர்த்துக் கட்டினால் பழைய பதிப்பில் ஒட்டவும் ஒட்டாது, படித்துச் சரிபார்க்கவும் ஆளிருக்காது. சிலர் இதைச் சடங்கு என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

ஒழுங்குபடுத்துவதிலும் ஆபத்து உண்டு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல இருந்த இரண்டு சிறிய செயற்கூறுகளை நான் ஒன்றாக்கினேன். ஒன்றில், வட்டிலிருந்து படித்த எண்ணின் பைட் வரிசையை (பைட்டுகள் எந்த முனையிலிருந்து அடுக்கப்படுகின்றன என்பதை) இயந்திரத்தின் வரிசைக்கு மாற்றும் அழைப்பு இருந்தது, மற்றொன்றில் எண் ஏற்கெனவே மாற்றப்பட்டு வந்தது. நம் மேசைகளில் இருக்கும் கணினிகளில், வட்டில் இருப்பதுபோலவே, சிறிய (மதிப்பு குறைந்த) பைட்தான் முதலில் வரும் என்பதால் அந்த அழைப்பு எதையும் செய்யாது. என் சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன. பெரிய பைட்டை முதலில் வைக்கும் இயந்திரத்தில் அது எண்ணை இரண்டு முறை திருப்பி, வேறொரு பிளாக்கைப் போய்ப் படித்திருக்கும். பேட்சைப் படித்த ஒருவர், ஸ்பார்ஸ் என்னும் சரிபார்ப்புக் கருவியை ஓட்டிவிட்டு, இரண்டு வரியில் அதைச் சுட்டிக்காட்டினார். அந்தக் கருவி வட்டு வரிசையில் உள்ள எண்ணையும் இயந்திர வரிசையில் உள்ள எண்ணையும் வெவ்வேறு வகையாகவே பார்க்கும். பேட்சை அனுப்புமுன் அதை நானே ஓட்டியிருக்க வேண்டும், இப்போது ஒவ்வொரு முறையும் ஓட்டுகிறேன்.

இவ்வளவு சின்ன, பழைய கோப்பு முறைமையை நீக்கிவிடலாமே என்றும் நீ கேட்பாய். அதற்கும் நியாயம் இருக்கிறது. கெர்னலின் பொதுப் பகுதியில் ஒன்று மாறினால் அதை நம்பியிருக்கும் எல்லாக் கோப்பு முறைமைகளையும் மாற்ற வேண்டும், ஆளில்லாதவற்றையும் யாராவது மாற்றித்தான் ஆக வேண்டும். கெர்னலின் 5.16 பதிப்பில், நினைவகப் பக்கங்களைக் கையாளும் புதிய முறையான ஃபோலியோ வந்த பிறகு அந்த வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. 2001-ல் சேர்ந்த ரெய்சர்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை, இந்த ஆண்டு ஜனவரியில் வெளியான 6.13-ல் நீக்கப்பட்டுவிட்டது. ஈஎக்ஸ்டி3 என்னும் கோப்பு முறைமைக்கு நடந்தது எனக்கு இன்னும் பிடிக்கும்: 2015-ல் 4.3 வெளியானபோது அதன் தனி நிரலை எடுத்துவிட்டார்கள், ஆனால் அதன் அடுத்த தலைமுறையான ஈஎக்ஸ்டி4-ன் நிரலே அந்தப் பழைய வட்டுகளையும் படித்து எழுதுவதால் யாருக்கும் இழப்பில்லை. எனக்கு நிரல் மீது பற்று இல்லை, வட்டு வைத்திருப்பவர் மீதுதான் அக்கறை. அவருக்கு ஒரு வழி இருக்கும்வரை எதை வேண்டுமானாலும் நீக்கலாம்.

உன் துறைக்கு நெருக்கமான ஒன்றையும் சொல்கிறேன். 2018-ல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக்காரர்கள் எழுப்பிய எஃப்சிங்க் (எழுதியது வட்டுக்குப் போய்ச் சேர்வதை உறுதிசெய்யும் அழைப்பு) விவகாரம் உனக்கு நினைவிருக்கும். வட்டில் எழுதுவது தோற்றால், எஃப்சிங்க் ஒருமுறை பிழை சொல்லும். ஆனால் நினைவகத்தில் இருந்த அந்தப் பக்கத்தைக் கெர்னல் எழுதி முடித்ததாகவே குறித்துவிடுவதால், இரண்டாம் முறை கேட்டால் எல்லாம் நலம் என்று பதில் வந்துவிடும். தோற்றால் மீண்டும் முயல்வோம் என்று எழுதப்பட்ட நிரல், போகாத தரவைப் போய்விட்டதாக நம்பியது. அதன் பிறகு போஸ்ட்கிரெஸ், எஃப்சிங்க் தோற்றால் சேவையையே நிறுத்தி, மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் பதிவேட்டிலிருந்து மீண்டெழும்படி மாற்றப்பட்டது. அதுவும் இருபது ஆண்டு நம்பிக்கை, அதுவும் ஒருவரும் நடக்காத பாதை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, தோல்வியைக் கையாளும் வரிகளைத்தான் மிகுந்த கவனத்தோடு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் கல்லூரியில் படித்ததோ நேர்மாறு: முதலில் ஓட வை, பிழையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஐஸ் கம்பெனியில் புதிய கார்டைப் போட்டு, திருத்திய கெர்னலை ஏற்றிக் கொடுத்துவிட்டேன். தினமும் காலையில் போய், மீதமுள்ள ஐநோடுகளை எண்ணிக் குறித்து வருகிறேன். கார்டு இன்னும் நிறையவில்லை. நிறைய ஜூன் கடைசி ஆகும், உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். உரிமையாளருக்கு ஐநோடு என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் நான் எண்ணைச் சொன்னதும் அதை அவரும் சுவர் நாட்காட்டியில் எழுதி வைத்துக்கொள்கிறார்.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். உங்கள் இடத்தில் பெரிய பைட்டை முதலில் வைக்கும் பழைய இயந்திரம் ஒன்று இருப்பதாக முன்பு சொல்லியிருந்தாய். ஒழுங்குபடுத்தும் பேட்ச்களை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அந்த இயந்திரத்தில் என் பத்து வரி ஸ்கிரிப்டை நூறு முறை ஓட்டி, கடைசியில் சரிபார்ப்பு நிரல் சொல்வதை அப்படியே எனக்கு எழுது. ஒரே ஓர் ஐநோடு குறைந்தாலும் சொல், அடுத்த பதிப்பை அதுவரை அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்