தாலுகா வக்கீலுக்கு சிறார் கேஸ் நடத்தச் சொல்லிக்கொடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். எங்க தாலுகா கோர்ட் வக்கீல்கள் சார்பா இத எழுதுறேன்.

எங்க பக்கம் வக்கீல் தொழில்னா பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, செக் பவுன்ஸ், ஆக்சிடென்ட் கேஸ், கொஞ்சம் அடிதடி, அவ்ளோதான். பதினெட்டு வயசுக்குள்ள இருக்கற புள்ளைங்க மேல வர்ற கேஸ விசாரிக்கற இளைஞர் நீதிக் குழுமம், நாங்க போர்டுன்னு சொல்றது, இருக்கறது மாவட்டத் தலைநகர்ல, அதனால பையன போலீஸ் புடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு ஒரு அம்மா அழுதுகிட்டு ஓடி வந்தா, டவுன்ல யாராவது நல்ல வக்கீலா பாருங்கம்மான்னு அனுப்பறதுதான் காலங்காலமா நடந்துச்சு. அந்தம்மாவுக்கு ஒரு நாள் கூலி போயிரும், பஸ் செலவு வேற, அங்க யாரையும் தெரியவும் தெரியாது. குழந்தைகளுக்குன்னு தனிச் சட்டம் 1920லயே நம்ம மெட்ராஸ் மாகாணத்துலதான் நாட்டுக்கே முதல்ல வந்துச்சு, ஆனா அதோட பலன் தாலுகாவத் தாண்டி உள்ள வரலயேங்கற வருத்தம் எனக்கு ரொம்ப உண்டு.

அத மாத்தினவங்களுக்குத்தான் இந்த நன்றி. முதல்ல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு. எங்கள டவுனுக்கு வரச் சொல்லாம ட்ரெயினர்கள எங்க பார் அசோசியேஷன் ஹாலுக்கே அனுப்பி வச்சீங்க பாருங்க, அதனாலதான் கேஸ் கட்டோட அலையற ஜூனியர் பசங்களும், கைக்குழந்தையோட ப்ராக்டிஸ் பண்ற தங்கச்சிகளும் வந்து உக்கார முடிஞ்சுது.

கேஸ்ல மாட்டின புள்ளைங்களோட குடும்ப நெலமைய விசாரிச்சு போர்டுக்கு ரிப்போர்ட் கொடுக்கற நன்னடத்தை அலுவலர் அக்கா, உங்கள மறக்கவே முடியாது. நான்தான் அந்த பதினஞ்சு வயசுப் பையன், வந்து பேசுங்கன்னு சொல்லிட்டு சேர்ல தலையக் குனிஞ்சு உக்காந்துட்டீங்க. ஒவ்வொருத்தரா வந்தோம், வந்த அத்தன பேரும் வாயத் திறந்ததுமே "என்னடா பண்ணின, உண்மையச் சொல்லு"ன்னுதான் ஆரம்பிச்சோம், நீங்க ஒரு வார்த்தை பேசல, சட்டை நுனியத் திருகிக்கிட்டே இருந்தீங்க. கடைசியில எழுந்து, "சாப்பிட்டியான்னு கேட்டீங்களா? வீட்டுக்குத் தகவல் சொல்லியாச்சான்னு கேட்டீங்களா? யாராவது அடிச்சாங்களான்னு கேட்டீங்களா? நான் உன் வக்கீல், உனக்காகத்தான் வந்திருக்கேன்னு யாராவது ஒருத்தராவது சொன்னீங்களா?"ன்னு கேட்டப்ப ஹாலே சத்தமில்லாம இருந்துச்சு. இப்ப நான் எந்தப் புள்ளையப் பாத்தாலும் அந்த நாலும்தான் முதல்ல.

ரிட்டயர்டு மாஜிஸ்திரேட் ஐயாவுக்கு தனி நன்றி. 2015ல வந்த இளைஞர் நீதிச் சட்டத்த பிரிவு பிரிவா ஒப்பிக்காம கேஸ் கட்ட விரிச்சு வச்சே சொல்லிக்கொடுத்தீங்க. 12வது பிரிவுல ஜாமீன்ல விடக்கூடிய குத்தம், விட முடியாத குத்தம்ங்கற பேச்சே இல்ல, சூரிட்டி, அதாவது பொறுப்பேத்துக்கற ஆள், இல்லாமக்கூட விடலாம், விட முடியாதுன்னா ஏன்னு போர்டு காரணம் எழுதியாகணும், பெயில் கொடுத்தும் நிபந்தனைய ஏழு நாளைக்குள்ள குடும்பத்தால நிறைவேத்த முடியலன்னா நிபந்தனைய மாத்தறதுக்கு திரும்ப போர்டு முன்னாடி நிறுத்தணும். இந்தக் கடைசி விஷயம் எங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குப் புதுசு. கேஸ் நடக்கறப்ப புள்ளைங்கள வச்சிருக்கற கூர்நோக்கு இல்லம் எல்லா மாவட்டத்துலயும் கிடையாது, புள்ள வேற மாவட்டத்துல கெடக்கும், வீட்டுல பாக்கப் போகக் காசு இருக்காது, அப்ப அந்த ஏழு நாளோட அருமை என்னன்னு கிராமத்துல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

கொஞ்ச நாள்லயே அது கைகொடுத்துச்சு. ஒரு திருட்டு கேஸ்ல பெரியவங்களோட சேத்து ஒரு பையனையும் புடிச்சு, ரிமாண்ட் ரிப்போர்ட்ல வயசு 19னு போட்டு ஜெயிலுக்கே அனுப்பிட்டாங்க. எந்த ஊரு, எந்த ஸ்டேஷன்னு எழுத மாட்டேன், 74வது பிரிவு புள்ளைய அடையாளம் காட்டக் கூடாதுங்குது, சட்டம் சொல்லலன்னாலும் எழுதியிருக்க மாட்டேன். அவங்க அம்மா 17தான் சார்னு சத்தியம் பண்ணுது, கையில ஒரு பேப்பர் இல்ல. ஐயா சொன்னது ஞாபகம் வந்துச்சு, 94வது பிரிவுப்படி முதல்ல ஸ்கூல் சர்டிஃபிகேட், அது இல்லன்னா உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ், ரெண்டும் இல்லன்னாத்தான் எலும்பு டெஸ்ட். நேரா ஸ்கூலுக்குப் போனோம். லீவு நாள்னும் பாக்காம அந்த ஹெட்மாஸ்டர் சார் வந்து பீரோவத் திறந்து, ஓரமெல்லாம் செல்லரிச்ச அட்மிஷன் ரிஜிஸ்டர எடுத்து, விரல வச்சு வரி வரியாத் தேடி பேரக் கண்டுபுடிச்சு சர்டிஃபிகேட் எழுதிக் கொடுத்தாரு. அத வச்சு, இவன் பதினெட்டு வயசுக்குள்ள இருக்கற சிறார்தான்னு 9வது பிரிவுல மனு போட்டோம், பையன் ஜெயில்லேருந்து வெளிய வந்து போர்டு முன்னாடி போய் பெயிலும் வாங்கிட்டான். சார், அந்த ஒரு தாளுக்கு உங்க காலத் தொட்டுக் கும்பிடணும்.

மனநல ஆலோசகர் தங்கச்சிக்கும் நன்றி. 16லேருந்து 18க்குள்ள இருக்கற புள்ளைங்க மேல கொடுங்குற்ற வழக்கு வந்தா, பெரியவங்கள மாதிரி விசாரிக்கலாமான்னு முடிவு பண்ண நடக்கற முதல்நிலை மதிப்பீடு குத்தம் செஞ்சானா இல்லையான்னு பாக்கற விசாரணை இல்ல, அந்த ரிப்போர்ட்ட வக்கீல் எப்படிப் படிக்கணும், என்ன கேள்வி கேக்கணும்னு பொறுமையாச் சொன்னீங்க. நோட்ஸ் எல்லாத்தையும் தமிழ்ல டைப் அடிச்சு ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்த எங்க குமாஸ்தா அண்ணனுக்கும், போர்டுல முதல் தடவ ஆஜராகப் போற பசங்களோட கூடவே போய் உக்காந்த சீனியர் அக்காவுக்கும் கோடி நன்றி. மேடையும் கூண்டும் இல்லாத அந்த ரூம்ல குரல உயர்த்தாமப் பேசறது எப்படின்னு நாங்க அக்காவப் பாத்துத்தான் கத்துக்கிட்டோம்.

பக்கத்து தாலுகாலேருந்தும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அடுத்த பயிற்சிக்கு இதே ஹால் தர்றதா பார் அசோசியேஷன் தலைவர் சொல்லிட்டாரு, ட்ரெயினர்களும் வர்றேன்னுட்டாங்க. வர விரும்பறவங்க குமாஸ்தா அண்ணன்கிட்ட பேர் கொடுங்க, தமிழ் நோட்ஸும் அவர்கிட்டயே இருக்கு.