பார்க்க முடிந்த அளவுக்கே வீடியோ கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைக்கு விண்ணப்பித்தவர்களை வடிகட்ட ‘ஒருவழி வீடியோ நேர்காணல்’ வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. மின்னஞ்சலில் ஒரு லிங்க் வரும். திறந்தால் எதிரில் ஆள் இருக்காது. திரையில் கேள்வி எழுத்தில் தோன்றும், யோசிக்க 30 விநாடி கிடைக்கும், அதன்பின் கேமரா தானாக ஓடத் தொடங்கிவிடும். 2 நிமிடத்துக்குள் பதிலை முடிக்க வேண்டும். இப்படி ஐந்தாறு கேள்விகள். ஆள்சேர்ப்பையே தொழிலாகச் செய்யும் நாங்கள் இந்த முறையை அடியோடு கைவிடச் சொல்லவில்லை. ஆனால் இன்று பல இடங்களில் இது நடக்கும் விதம் விண்ணப்பதாரருக்கு அநியாயம், நிறுவனத்துக்கும் நஷ்டம்.

கணக்கு போட்டுப் பார்த்தாலே இது புரியும். 5 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 நிமிடம் என்றால் ஒருவருக்கு 10 நிமிடப் பதிவு. லிங்க் அனுப்பச் செலவே இல்லை என்பதால் 200 பேருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அத்தனையும் சேர்ந்தால் 2,000 நிமிடம், அதாவது 33 மணி நேரத்துக்கும் மேல். மதிப்பெண் போடும் நேரத்தைச் சேர்க்காமலேயே ஒருவருடைய ஒரு வார வேலையை இது விழுங்கிவிடும். அவ்வளவு நேரம் யாரிடமும் இல்லை. ஆகவே ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுகிறார்கள். முதல் பதிலில் அரை நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குத் தாவுகிறார்கள். அந்த அரை நிமிடத்தில் தெரிவது முகம், உடை, அறையின் வெளிச்சம், பேச்சின் சரளம், இவ்வளவுதான். அந்த 10 நிமிடத்துக்காக ஒரு மாலைப்பொழுதையே ஒதுக்கித் தயாரானவருக்கு, தன் நான்கு பதில்களை எவருமே திறக்கவில்லை என்பது கடைசிவரை தெரியாது.

எனவே எங்கள் முதல் வேண்டுகோள்: உட்கார்ந்து பார்க்க எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதை முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற எண்ணிக்கையில் மட்டும் அழையுங்கள். 3 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம் என்றால் பதிவு நாலரை நிமிடம். மதிப்பெண்ணும் குறிப்பும் எழுத மூன்றரை நிமிடம் சேர்த்தால் ஆளுக்கு 8 நிமிடம். 4 மணி நேரம் ஒதுக்க முடிந்தால் 30 பேர். 200 பேரை 30 ஆக்கும் வேலையை ரெஸ்யூமேயும், வேலைக்குத் தேவையான அடிப்படைத் தகுதிகளும், தேவைப்பட்டால் ஒரு சிறு செய்முறைத் தேர்வும் செய்யட்டும். அந்தச் சுமையை வீடியோவின் தலையில் கட்டக் கூடாது.

அடுத்தது கேள்விகள். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் மனப்பாடம்தான் பதிலாக வரும். வேலையில் உண்மையாகவே நேரும் ஒரு நிலைமையைக் கொடுங்கள்: “தவறான பொருள் வந்திருப்பதாக வாடிக்கையாளர் சொல்கிறார், உங்கள் கணினிப் பதிவோ சரியான பொருள் போனதாகக் காட்டுகிறது. முதலில் என்னென்ன செய்வீர்கள்?” இந்தக் கேள்விகளை ஒரு நாள் முன்னதாகவே அனுப்பிவிடலாம். யோசிக்காமல் அந்த நொடியே பேச வேண்டிய வேலையாக இருந்தாலொழிய, 30 விநாடிக் கெடு பதற்றத்தைத்தான் அளக்கும். மறுபதிவுக்கு ஒரு வாய்ப்பாவது தர வேண்டும். வரம்பே இல்லாமல் விடுவதும் தவறு. நேரம் உள்ளவர் இருபது முறை பதிவு செய்து மெருகேற்றுவார், வேலை முடித்து இரவில் உட்காருபவரால் அது முடியாது. மதிப்பெண் இல்லாத ஒரு பயிற்சிக் கேள்வியும் 2 வாய்ப்புகளும் போதும் என்பது எங்கள் கருத்து.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது மதிப்பெண் போடும் இடத்தில்தான். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே எழுதிவைத்த அளவுகோலால் மதிப்பிடும் நேர்காணல், மனம்போன போக்கில் பேசும் நேர்காணலைவிட வேலைத்திறனை நன்றாகக் கணிக்கிறது. பணித் தேர்வு குறித்த பல பத்தாண்டு ஆய்வுகள் காட்டும் முடிவு இது. ஒருவழி வீடியோவில் ஒரே கேள்விகள் தாமாகவே அமைந்துவிடும். அளவுகோலை நாம்தான் எழுத வேண்டும், அதுவும் முதல் வீடியோவைத் திறப்பதற்கு முன். மேலே சொன்ன கேள்விக்கு இப்படி இருக்கலாம்: வாடிக்கையாளரிடமே குற்றம் காண்பவருக்கு 1, மன்னிப்புக் கேட்டு மாற்றுப் பொருள் அனுப்புவதோடு நிறுத்துபவருக்கு 3, புகைப்படம் கேட்டு வாங்கி, அனுப்பிய பதிவோடு ஒப்பிட்டு, பிழை எங்கே நுழைந்தது என்று தேடுவதையும் சேர்த்துச் சொல்பவருக்கு 5.

பார்க்கும் வரிசையும் முக்கியம். 30 பேருடைய முதல் பதிலையும் பார்த்து முடித்த பிறகே இரண்டாவது கேள்விக்குப் போங்கள். ஒரே ஆளின் மூன்று பதில்களையும் தொடர்ந்து பார்த்தால், முதல் பதிலின் பிரமிப்போ எரிச்சலோ மற்ற இரண்டின் மதிப்பெண்ணிலும் ஏறிவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் ஆட்களின் வரிசையை மாற்றிப்போடுங்கள். இருவர் தனித்தனியே மதிப்பெண் போட்டு, 2 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் வரும் இடங்களில் மட்டும் சேர்ந்து பேசினால் போதும். கேமரா முன் தோன்றவே தேவையில்லாத வேலை என்றால், படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்டு மதிப்பெண் போடுங்கள். பட்டியல் எவ்வளவு மாறுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

கருவியின் கோளாறு ஆளின் குறையாகப் பதிவாவதும் உண்டு. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கேமரா அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், முகம் இருண்டுவிடும். கேள்வி திரையின் அடியில், கேமரா மேலே. படித்துக்கொண்டே பேசுபவரின் பார்வை தாழ்ந்து தெரியும். “கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, தன்னம்பிக்கை இல்லை” என்று ஒருவர் குறிப்பெழுதிவிடுவார். ப்ளூடூத் ஹெட்செட்டில் மைக் இயங்கத் தொடங்கியதும் அது அழைப்பு முறைக்கு மாறி, குரல் பழைய தொலைபேசியில் கேட்பதுபோல் ஒடுங்கிப்போகலாம். விநாடிக்கு 1.5 மெகாபிட் அளவிலான வீடியோ 2 நிமிடத்துக்கு ஏறக்குறைய 22 எம்.பி. வரும். பேசும்போதே அப்லோடு ஆகும் தளமாக இருந்து இணைப்பு பலவீனமாகவும் இருந்தால் பதில் பாதியில் அறுந்துபோகலாம். அறுந்த பதிவை ஒரு வாய்ப்பாகக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

விண்ணப்பதாரர்களுக்கு: விளக்கோ ஜன்னலோ முகத்துக்கு எதிரே இருக்கட்டும். லேப்டாப்பைப் புத்தகங்கள் மேல் ஏற்றி கேமராவைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கம்பி ஹெட்செட் நல்லது. கேமராவைப் பிடித்துவைத்திருக்கும் மற்ற செயலிகளை மூடிவிடுங்கள். கறுப்புத் திரை வருவதற்கு அதுவும் ஒரு காரணம். பிரவுசரில் கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பயிற்சிக் கேள்வியிலேயே சரிபாருங்கள். நேரம் முடிய 15 விநாடி இருக்கும்போது பதிலை முடித்துவிடுங்கள்.

முகபாவத்தை வைத்து மென்பொருளே மதிப்பெண் போடுவதை நாங்கள் முழுமையாக எதிர்க்கிறோம். வீடியோ நேர்காணல் மென்பொருள் விற்கும் அமெரிக்காவின் ஹயர்வியூ நிறுவனம் மீது 2019இல் ஒரு தனியுரிமை அமைப்பு அரசு வர்த்தக ஆணையத்தில் புகார் அளித்தது. முகத்தை ஆராய்வதைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அந்நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு ஜெர்மனியின் பவேரிய ஒலிபரப்பு நிறுவனப் பத்திரிகையாளர்கள் இத்தகைய ஒரு மென்பொருளைச் சோதித்தபோது, கண்ணாடி அணிவதும் பின்னால் புத்தக அலமாரி இருப்பதும்கூட மதிப்பீட்டை மாற்றின. பணியிடத்தில் உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவை, மருத்துவ, பாதுகாப்புத் தேவைகள் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடைசெய்திருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2020 முதல் நடப்பில் உள்ள சட்டம், செயற்கை நுண்ணறிவு கொண்டு வீடியோவை ஆராய்வதானால் முன்கூட்டிச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும், கேட்டால் 30 நாளுக்குள் அழிக்க வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாத இடங்களிலும் இதைப் பின்பற்ற எந்தத் தடையும் இல்லை. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளும் வட்டார உச்சரிப்பில் தடுமாறும்; அந்த எழுத்தில் ‘முக்கியச் சொல்’ தேடி மதிப்பெண் போட்டால் தண்டனை பேசியவருக்குத்தான்.

திக்குவாய் உள்ளவர்கள், காது கேளாதவர்கள், வீட்டில் தனி அறை இல்லாதவர்கள் எல்லோரும் விண்ணப்பிக்கிறார்கள். தொலைபேசியிலோ எழுத்திலோ பதில் தரலாம் என்ற வாய்ப்பை முதல் மின்னஞ்சலிலேயே, காரணம் கேட்காமல் கொடுங்கள். கேள்விகள் எத்தனை, வீடியோவை யார் பார்ப்பார்கள், எந்தத் தேதியில் அழிப்பீர்கள், முடிவு எப்போது தெரியும் என்பதும் அதில் இருக்கட்டும். விண்ணப்பதாரரின் வீடியோவை வாட்ஸ்அப்பில் சக ஊழியர்களுக்கு அனுப்பும் பழக்கம் உடனே நிற்க வேண்டும்.

இவ்வளவையும் செய்ய நேரமில்லை என்று சொல்லும் நிறுவனங்கள் வீடியோவையே விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுக்கலாம். ஆளுக்கு 10 நிமிடம் பேசினால் 30 பேருக்கு 5 மணி நேரம்தான் ஆகும், அவர்களும் திருப்பி நம்மிடம் கேள்வி கேட்க முடியும்.

இப்படிக்கு,
ஆள்சேர்ப்புப் பணியில் உள்ள மனிதவளத் துறையினர் சிலர்